மோர்டோருக்கு 1,779 மைல்: கற்பனைப் பாதையில் நடப்பது யாத்திரை ஆகுமா?

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் ஃபிரோடோ என்னும் ஹாபிட், ஒரு மோதிரத்தை நெருப்பில் எறிந்து அழிப்பதற்காக, ஷயர் நாட்டிலுள்ள தன் வீட்டு வாசலிலிருந்து மோர்டோரின் டூம் மலை வரை போகிறான். அந்தத் தொலைவைத் தாமும் நடந்து தீர்ப்பது என்று உறுதி எடுத்துக்கொண்ட வாசகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் நடப்பது தங்கள் தெருவிலும் பூங்காவிலும்தான். மழை நாளில் டிரெட்மில்லில். அன்றன்று நடந்த மைலைக் குறித்துவைத்து, நாவலின் வழியில் எந்த இடம் வரை வந்தாயிற்று என்று ஓர் அட்டவணையில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆங்கில வாசகர்களிடையே இதற்கு ‘எயோவின் சவால்’ என்று ஒரு பெயர் உண்டு. நாவலில் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதற்கே அஞ்சும் பெண் எயோவின். ஃபிரோடோ போன வழியில் அவள் போகவில்லை. வீட்டுக்குள் முடங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்துக்காகவே அவள் பெயர்.

அட்டவணையின் கணக்கு இது: ஷயரிலிருந்து ரிவெண்டெல் 458 மைல், அங்கிருந்து லோத்லோரியன் காடு 462, பிறகு ராரோஸ் அருவி 389, அருவியிலிருந்து டூம் மலை 470. மொத்தம் 1,779 மைல், ஏறத்தாழ 2,863 கி.மீ. நாளுக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு ஒரு வருடமும் ஏழு மாதமும் பிடிக்கும். ஃபிரோடோவுக்கு ஆனது செப்டம்பர் 23 முதல் மார்ச் 25 வரை ஆறே மாதம். அதிலும் இரண்டு மாதத்துக்கு மேல் ரிவெண்டெல்லிலும் சுமார் ஒரு மாதம் லோத்லோரியனிலும் தங்கலில் போயிற்று. இந்தத் தொலைவுகளுக்கு ஆதாரம் அமெரிக்க நிலவரைபடக் கலைஞர் கேரன் வின் ஃபான்ஸ்டாட் 1981இல் வெளியிட்ட ‘தி அட்லஸ் ஆஃப் மிடில் எர்த்’. இல்லாத நிலத்தை இவ்வளவு நுணுக்கமாக அளக்க முடிந்ததற்குக் காரணம் டோல்கீனே. அவர் வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதற்குப் பொருத்தியவர். எந்த இரவில் நிலா எப்படி இருக்க வேண்டும் என்றுகூடக் கணக்கிட்டு, பிசகிய அத்தியாயங்களைத் திருத்தியவர்.

கணக்கு நுணுக்கமானதுதான். ஆனாலும் அதை உற்றுப் பார்த்தால் கேள்விகள் எழுகின்றன. ரிவெண்டெல்லை நெருங்கும்போது காயம்பட்ட ஃபிரோடோ குதிரை மேல் இருக்கிறான். லோத்லோரியனுக்கும் ராரோஸுக்கும் இடைப்பட்ட 389 மைலில் பெரும்பகுதி ஆற்றில் படகில் போன தொலைவு. கடைசி ஏற்றத்தில் தோழன் சாம் அவனை முதுகில் சுமக்கிறான். ஃபிரோடோ நடக்காத தொலைவையும் வாசகர் நடக்கிறார். அப்படியானால் அவர் பின்பற்றுவது யாருடைய பயணத்தை? உலகில் எங்குமே இல்லாத ஓர் இடத்தை நோக்கி ஒருவர் ‘நடக்கிறார்’ என்று சொல்வதற்குப் பொருள் உண்டா? ஒன்றரை வருடம் தவறாமல் செய்யும் இந்த நடையை யாத்திரை என்று அழைக்கலாமா, அல்லது அது யாத்திரையின் வெறும் சாயலா? சமயங்கள் இந்தக் கேள்விகளை வேறு வடிவில் நெடுங்காலமாகவே எதிர்கொண்டு வந்திருக்கின்றன.

1298இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் பிறப்பித்த ஆணை, கன்னியர் மடத்துப் பெண்கள் மடத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று கட்டளையிட்டது. எருசலேமுக்குப் போகும் வழி அவர்களுக்கு அடைபட்டது. ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த தொமினிக்கன் துறவி ஃபெலிக்ஸ் ஃபாப்ரி 1480களில் இருமுறை எருசலேம் போய்வந்தவர். மடத்துப் பெண்கள் அவரிடம் வழி கேட்டார்கள். அவர்களுக்காக 1492 வாக்கில் அவர் எழுதிய ‘டி சியோன்பில்கர்’ என்ற நூல், எருசலேம், ரோம், சந்தியாகோ ஆகிய மூன்று தலங்களுக்கும் மனத்தாலேயே போய்வருவதற்கான நாள்வாரி வழிகாட்டி. இன்று எந்த ஊர், என்ன காட்சி, என்ன செபம் என்று நாளுக்கு நாள் வகுத்துக் கொடுத்தது. மெக்கெலன் நகரின் கார்மேல் சபைத் துறவி யான் பாஸ்கா எழுதி 1563இல் லூவனில் அச்சான நூல் இன்னும் விரிவானது: 365 நாள் கொண்ட மனயாத்திரை, போவதும் வருவதும் சேர்த்து.

நியூரம்பர்க்கில் இப்படிப்பட்ட மனயாத்திரை கல்லிலேயே வடிக்கப்பட்டது. சிற்பி ஆடம் கிராஃப்ட், புனித யோவான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் இயேசுவின் பாடுகளைச் செதுக்கி நிறுத்தினார். பிலாத்துவின் வீட்டிலிருந்து இத்தனை அடி என்று ஒவ்வொன்றிலும் பொறிக்கப்பட்டது. எருசலேமின் தொலைவு ஒரு ஜெர்மன் ஊரின் சாலையில் காலடிக் கணக்காக விரிக்கப்பட்டது. கைப்பேசியில் மைல் எண்ணிக்கொண்டே ரிவெண்டெல்லை நெருங்குகிறவரின் செயலுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி கிடைப்பது அரிது.

எதிர்ப்பும் பழையதே. நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரி எருசலேமைத் தாமே பார்த்துவிட்டு வந்து, இடம் மாறுவதால் கடவுள் நெருங்கிவிடுவதில்லை என்று எழுதினார்; அந்த மண்ணில் அருள் மிகுதி என்றால் அங்கே வாழ்கிறவர்களிடம் பாவம் அத்தனை மலிந்திருக்காது என்பது அவர் வாதம். 1520இல் மார்ட்டின் லூதர் ரோம் யாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். பெண்டாட்டி பிள்ளையை வீட்டில் தவிக்க விட்டு வழியில் பணத்தைக் கரைப்பதில் புண்ணியம் இல்லை என்றார். எராஸ்முஸ் 1526இல் எழுதிய யாத்திரை உரையாடலில் வரும் மெனெடெமுஸ், ரோமாபுரியின் கோயில்களைச் சுற்றுவதற்குப் பதில் தன் வீட்டையே சுற்றிவருவதாகச் சொல்கிறார்: மகள்களின் நலம் விசாரிப்பது, பணியாளர் வேலையைப் பார்ப்பது, இதுவே தன் யாத்திரை என்கிறார். ஃபாப்ரியின் கன்னியரும் மெனெடெமுஸும் வெளியே போகாதவர்களே. ஆனால் கன்னியர் மனத்தை எருசலேமுக்கு அனுப்பினார்கள். மெனெடெமுஸுக்கோ அந்த எருசலேமே தேவைப்படவில்லை. மனயாத்திரையை ஆராயும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

தமிழ்ச் சைவ மரபு இதே கேள்வியைப் பெரியபுராணத்தில் இருவிதமாகக் கையாள்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்து, கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, முறை தவறாமல் படிப்படியாக எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு இறைவன் பூசலாரின் கோயிலுக்குப் போனதாகக் கதை. திருநாவுக்கரசரோ கயிலைக்கு உடம்பாலேயே போனவர். கால் தேய்ந்து, கை தேய்ந்து, தவழ்ந்து, உருண்டு, அதற்கு மேல் முடியாமல் கிடந்தபோது திரும்பிப் போகச் சொல்லும் குரல் கேட்டது. ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தவருக்கு அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. ஒருவருக்கு மனம் மட்டுமே போதுமானதாயிற்று. மற்றவருக்கு உடம்பு முழுதும் செலவான பிறகும் இடம் எட்டவில்லை, காட்சி எட்டியது. பூசலாரின் வழி திறந்தது வெளிவழி அடைபட்ட பிறகே என்பதையும் கவனிக்க வேண்டும். வசதி கருதி அவர் மனத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை.

இந்த எல்லாக் கதைகளிலும் கயிலையும் எருசலேமும் நம்புகிறவருக்கு மெய்யான இடங்கள். மோர்டோர் அப்படியன்று, நடக்கிறவரே அது இல்லை என்று அறிந்திருக்கிறார். புதிய சிக்கல் இங்கேதான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் கெண்டல் வால்டன் 1990இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பாதி விடை இருக்கிறது. காட்டில் விளையாடும் சிறுவர்கள் வெட்டுமரக் கட்டைகளைக் கரடி என்று வைத்துக்கொண்டால், புதருக்குள் யாரும் பார்க்காத கட்டை ஒன்று இருந்தாலும் விளையாட்டுக்குள் அங்கே ஒரு கரடி இருக்கிறது. கற்பனை அவரவர் மனம்போனபடி அலைவதில்லை. வெளியே இருக்கும் மெய்யான பொருள் அதைக் கட்டுப்படுத்துகிறது. மைல் கணக்கிலும் அதுவே நடக்கிறது. இன்று நான்கு மைல் நடந்தவர் எட்டு மைல் போனதாக வைத்துக்கொள்ள முடியாது. ரிவெண்டெல் எவ்வளவு பொய்யோ அவ்வளவுக்கு மெய், அதை அடையச் செலவான வியர்வை.

மீதிப் பாதி விடையை டோல்கீனிடமே தேடலாம். 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரையில், கதை சொல்கிறவன் ஓர் உலகைத் துணைப்படைப்பாக உண்டாக்குகிறான், படைப்பவனின் சாயலில் படைக்கப்பட்டதால் மனிதனுக்கு அந்த உரிமை உண்டு என்று அவர் வாதிட்டார். கதை மனிதனைத் தப்பிக்க வைக்கிறது என்ற குற்றச்சாட்டையும் அவர் நேராகச் சந்தித்தார்: சிறைப்பட்டவன் விடுதலை தேடுவதும் போர்க்களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றாகா. இந்த வேறுபாடு நடைக்கணக்கை நிறுக்க நல்ல தராசு. ஏனென்றால் கற்பனைப் பாதை இரண்டுக்குமே இடம் கொடுக்கும்.

ஆல்பர்ட் ஸ்பியர் இதற்குச் சான்று. ஹிட்லரின் போர்த்தளவாட அமைச்சர். அடிமை உழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காக நியூரம்பர்க் தீர்ப்பாயம் 1946இல் இருபது ஆண்டுச் சிறை விதித்தது. பெர்லினின் ஸ்பாண்டாவ் சிறைத் தோட்டத்தில் 1954இல் அவர் சுற்றி நடக்கத் தொடங்கினார். சுற்று எண்ணிக்கை தவறாமலிருக்கப் பட்டாணிகளை ஒரு பையிலிருந்து மற்றதற்கு மாற்றும் உத்தியைச் சொல்லிக்கொடுத்தவர் சக கைதி ருடால்ஃப் ஹெஸ். முதல் இலக்கு ஹைடல்பெர்க், பெர்லினிலிருந்து 626 கி.மீ. அதை எட்டிய பின் ஆசியாவைக் குறுக்கே கடந்து, பெரிங் நீரிணையைத் தாண்டி, அமெரிக்கக் கரையோரமாக இறங்கினார். போகும் நாடுகளைப் பற்றிய நூல்களை வாங்கிப் படித்தார். 1966இல் விடுதலையாகும்போது 30,000 கி.மீ.க்கு மேல் நடந்து மெக்சிகோவின் குவாதலஹாராவுக்குத் தெற்கே இருந்தார்.

ஒழுங்கு, பொறுமை, கணக்கில் நேர்மை எல்லாம் அந்த நடையில் இருந்தன. ஃபாப்ரியின் கன்னியரும் குறை காண முடியாத கட்டுப்பாடு. அந்த நடை அவர் புத்தி பேதலிக்காமல் காத்திருக்கலாம். ஆனால் யூதப் படுகொலைத் திட்டம் தமக்குத் தெரியாது என்று வெளியே வந்த பின்னும் அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழியில் அவர் பார்க்க மறுத்த ஒரு முகமும் எதிரே வரவில்லை. வரைபடத்தை வரைபவரும் நடப்பவரும் ஒருவரே ஆகும்போது யாரைத் தவிர்ப்பது என்பதும் அவர் கையில்தான். உண்மையான தலயாத்திரையில் அந்த அதிகாரம் யாத்திரிகரிடம் இல்லை. வழித்துணை, பிச்சை கேட்பவர், இரவில் இடம் தருகிறவர், தராதவர் எல்லாரும் கேளாமலே குறுக்கே வருவார்கள். ஆகவே காலடிக் கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அது தவம் ஆகலாம், மனந்திரும்புதல் ஆகாது. மோர்டோர் நோக்கி நடப்பவர் ஸ்பியரைவிட ஒரு விதத்தில் நல்ல நிலையில் இருக்கிறார்: அவர் பாதையை வகுத்தவர் வேறொருவர், அதில் யார் எதிரே வருவார் என்பதும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. மோதிரத்தின் மேல் வெறிகொண்ட கொல்லம் என்னும் கேடுகெட்ட பிராணி வழியில் பின்தொடர்கிறது. அதை நினைக்காமல் அந்த அட்டவணையைப் புரட்ட முடியாது.

ஆயினும் அட்டவணைக்கும் கதைக்கும் இடையே ஒரு முரண் இருக்கிறது. மைல் கணக்கு சேர்ப்பது. நேற்றைய எண்ணோடு இன்றையதைக் கூட்டி, குறையாமல் பெருக்குவது. ஃபிரோடோவின் பயணமோ எதையும் சேர்ப்பதற்கன்று, கையிலிருப்பதைத் தொலைப்பதற்கு. வழியில் அவனும் சாமும் பாத்திரங்களையும் ஆயுதங்களையும் எறிகிறார்கள். ஊரின் நினைவும் சுவையும் அவனிடமிருந்து நழுவுகின்றன. கடைசியில் நெருப்பின் விளிம்பில் நின்று, மோதிரத்தை எறிய மறுத்துத் தனதென்று அறிவிக்கிறான். அத்தனை மைலும் அந்த ஒரு செயலுக்கான வலிமையை அவனுக்குச் சேர்த்துத் தரவில்லை. காரியம் முடிவது கொல்லம் அதைப் பறித்துக்கொண்டு தவறி விழுவதால். கொல்லம் அதுவரை உயிரோடு இருந்தது, முன்பு மோதிரத்தை வைத்திருந்த பில்போவும் ஃபிரோடோவும் சாமும் வெவ்வேறு வேளைகளில் அதைக் கொல்லாமல் விட்ட இரக்கத்தால். கத்தோலிக்கரான டோல்கீன் தம் கடிதங்களில் இதை அப்படியே விளக்கினார்: எந்த மனிதனாலும் தாங்கமுடியாத பாரம் அது, ஃபிரோடோ தன்னால் ஆனதனைத்தும் செய்துவிட்டான், மீதியை முன்பு காட்டிய இரக்கம் செய்தது. மோதிரம் அழியும் மார்ச் 25, கிறிஸ்தவ நாட்காட்டியில் மங்கள வார்த்தைத் திருநாள்.

உழைப்பால் வரும் புண்ணியத்துக்கும் கேளாமல் வரும் அருளுக்கும் இடையே லூதர் காலத்தில் ஐரோப்பாவே பிளந்தது. இந்த நாவல் இரண்டையும் விடவில்லை: ஃபிரோடோ நடக்காமல் மலையடிக்கு வந்திருக்க முடியாது, நடந்ததால் மட்டும் காரியம் முடியவும் இல்லை. 1,779ஆவது மைலை எட்டிய வாசகர் உண்மையில் அடைந்திருப்பது இந்த முதல் பாதி. யாத்திரை என்ற பெயர் அதற்குத் தகும். அருள் வரும் பாதி எந்தக் கணக்கேட்டுக்கும் உட்படாதது. பழைய யாத்திரிகரின் கணக்கேட்டிலும் அது இருந்ததில்லை.

சாம் சுமந்த தூரத்தின் கேள்வி மீதமிருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் நோயாளிக்காகவும் இறந்தவருக்காகவும் வேறொருவர் யாத்திரை போவது ஏற்கப்பட்ட வழக்கம். உயிலிலேயே அதற்குப் பணம் ஒதுக்கி வைத்தார்கள். ஒருவருடைய நடை மற்றவருக்குச் சேரும் என்ற நம்பிக்கையின்மேல் அது நின்றது. மைல் அட்டவணையில் அப்படிப்பட்ட கைமாற்றத்துக்கு விதி எதுவும் இல்லை. எனினும் சிலர் குழுவாகச் சேர்ந்து தங்கள் மைல்களை ஒன்றாகக் கூட்டிக்கொள்கிறார்கள். நடக்க இயலாதவரும் அவர்களுடன் மோர்டோர் வந்து சேர்கிறார். மோதிரத்தைச் சுமக்க முடியாவிட்டாலும் அதைச் சுமப்பவனைச் சுமக்க முடியும் என்று சாம் எடுக்கும் முடிவுக்கு, அட்டவணை வைத்து நடப்போர் செய்வனவற்றில் மிக நெருங்கி வருவது இதுதான்.