நடுவனும் கைம்பெண்ணும் கண்டற் பற்றையும்



சென்ற மாதத்து ஞாயிறொன்றில் முதற்பூசை முடிந்து சனங்கள் கோவில் விறாந்தையால் இறங்கிக்கொண்டிருக்கையில், எங்கள் பங்கு இளைஞர் சிலர் மேசையொன்றைப் போட்டு ஒரு மனுவுக்குக் கையொப்பம் சேர்த்துக்கொண்டிருந்தனர். ஊருக்குக் கிழக்கே பரவைக்கடல் ஓரமாய் நிற்கும் கண்டற் பற்றையை வெட்டி, மண் கொட்டி நிரவ ஆயத்தம் நடக்கிறது. அதைத் தடுக்க வேண்டும் என்று அரசாங்க அதிபருக்கு எழுதப்பட்ட மனு அது. பலர் ஒப்பமிட்டனர். வாசியாமலே ஒப்பமிட்டவர்களும் உண்டு. அதுவும் நம்மவர் வழக்கந்தான். ஒரு சம்மாட்டியார் மட்டும் பேனையை வாங்கி, கடதாசியை மேலுங் கீழும் பார்த்து, பேனையைத் திருப்பி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சுவாமி, கொக்குக்கும் நாரைக்குமோ இப்ப மனு எழுதுறம்? காணியில்லாமல், வீடில்லாமல் எத்தினை சனம் கிடக்குது. அதுகளுக்கெல்லோ முதல் எழுதவேணும்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. போரிலே இரண்டு முறை இடம்பெயர்ந்து, வள்ளத்தையும் வலையையும் இழந்து, ஒன்றுமில்லாமையிலிருந்து மறுபடி தேடிக்கொண்டவர் அவர். நான் அன்று சொன்ன மறுமொழி எனக்கே திருப்தி தரவில்லை. இரண்டு பூசைக்கு நடுவே பசியோடு நிற்கும் குருவானவரின் மறுமொழி வேறெப்படி இருக்கும்? ஆதலால் இவ்வாரம் ஆறுதலாக எழுதுகிறேன்.

லூக்காஸ் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு நடுவனைப் பற்றிச் சொல்கிறார். கடவுளுக்கும் அஞ்சாதவன், மனிதரையும் மதியாதவன். அவனிடம் ஒரு கைம்பெண் நீதி கேட்டு வந்தாள். அவன் கவனிக்கவில்லை. அவள் மறுபடி வந்தாள். மறுபடியும் வந்தாள். கடைசியில் அவளுடைய தொல்லை பொறுக்கமாட்டாமலே அவன் நீதி வழங்கினான். இடைவிடாத செபத்தைப் பற்றிய உவமை இது என்று நாங்கள் பிரசங்கிப்பதுண்டு. சரிதான், நற்செய்தியாளரும் அப்படியே தொடங்குகிறார். எனினும் அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தோமா? பணமில்லை, துணைக்கு ஆளில்லை, மேலிடத்தில் அறிமுகமில்லை. திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கால்கள் மட்டுமே இருந்தன. காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தி ஆண்டுக்கணக்காய் வீதியோரம் இருக்கும் தாய்மாரைக் கண்ட நமக்கு இந்த உவமைக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

மனு என்பதும் இதுவே. வலிமையில்லாதவன் வலிமையுள்ளவனின் வாசலில் மறுபடி போய் நிற்பது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வறண்ட நிலத்திற் பிறந்த நம்மிற் பலர் சிங்கராஜ வனத்தைக் கண்ணாற் கண்டதில்லை. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் மழைக்காடு அது. அங்குள்ள மரவகைகளிற் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளர்வதில்லை. முன்னொரு காலத்தில் அக்காட்டின் மரங்களை இயந்திரங் கொண்டு வெட்டி ஒட்டுப்பலகை செய்ய அரசு தீர்மானித்தது. தீய எண்ணத்தோடு செய்யப்பட்ட தீர்மானம் என்று நான் சொல்லமாட்டேன். நாட்டுக்குத் தொழிற்சாலை வேண்டும், வேலை வேண்டும், அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பேசப்பட்ட காலம் அது. சம்மாட்டியாரின் கேள்வியை அன்று அமைச்சரும் கேட்டிருப்பார்.

1894ல் தொடங்கப்பட்ட வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை எதிர்த்து எழும்பியது. அப்போது அதன் தலைவராயிருந்தவர் தீலோ ஹொவ்மன். சுவிற்சர்லாந்திற் பிறந்து இங்கே தொழில் செய்துவந்தவர். காட்டுக்குட் சென்று பார்த்து, அதன் அருமையை எழுதி வெளியிட்டார். விஞ்ஞானிகளும் பத்திரிகைகளும் பொதுமக்களும் சேர்ந்துகொண்டனர். பிரதமருக்கு மனு போயிற்று. பலன்? மரவெட்டுத் தொடங்கிவிட்டது! மனு எழுதியவர்கள் தோற்றுப்போனதாகவே அன்று எவரும் நினைத்திருப்பர். பாதை போடப்பட்டது, யந்திரங்கள் உள்ளே போயின, பெருமரங்கள் விழுந்தன. ஆனால் அவர்கள் வாசலை விட்டுப் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து 1977ல் மரவெட்டு நிறுத்தப்பட்டது. 1988ல் அவ்வனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. இன்று பாடப்புத்தகத்தில் நம் பிள்ளைகள் பெருமையாகப் படிக்கும் அந்தக் காட்டின் ஒரு பகுதி, வெட்டுண்டு மறுபடி தழைத்த காடு என்பதை எத்தனை ஆசிரியர் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியாது.

சிங்கராஜம் தூரம் என்பீர்கள். விடத்தல்தீவு தூரமில்லையே! மன்னார் மாவட்டத்தின் அந்தக் கரையும் கண்டலும் கடலும் 2016ல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2024ல் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று அதில் ஒரு பகுதியை ஒதுக்கிடத்திலிருந்து நீக்க வர்த்தமானி வெளிவந்தது. இயற்கைப் பாதுகாவலர் உயர் நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தெற்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலத்துக்காக 2021ல் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையே மனுதாரராய் நீதிமன்றம் சென்றதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சதுப்பு நிலம் மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளாவிட்டால், சுற்றியுள்ள பங்குகளின் வீடுகளுக்குள்ளேதான் அது வரும்.

இனி, சம்மாட்டியார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கொக்குக்கோ மனு?

கொக்குக்கும்தான். கண்டலின் வேர்களுக்கிடையே இறாற் குஞ்சும் நண்டும் ஓராவும் மறைந்து வளர்கின்றன. வளர்ந்து பரவைக்கடலுக்கு வருகின்றன. வள்ளம் வாங்க வழியில்லாமல் வீச்சுவலையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறானே, அவனுடைய பானைக்கு வருவது அதுதான். புத்தளம் பகுதியில் 1980களிலிருந்து கண்டலை அழித்து இறால் வளர்க்கும் குளங்கள் வெட்டினார்கள். சில காலம் பணம் புரண்டது. பிறகு நோய் விழுந்தது. வெண்புள்ளி நோயில் இறால் செத்தது. முதலாளிமார் போய்விட்டார்கள். உப்பேறிய வெறுங் குளங்கள் கிடந்தன. அவற்றின் கரையில் வாழும் ஏழைக்கு இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. காணியில்லாதவனும் வீடில்லாதவனும் கடைசியாக நம்பியிருப்பது ஒருவரும் வேலி போடாத இந்தக் கரையைத்தான். 2015ல் பாப்பரசர் பிரான்சிஸ் விடுத்த சுற்றுமடலில், ஏழையின் துயரையும் பூமியின் துயரையும் பிரித்துப் பார்க்க அவர் இணங்கவில்லை. ஏனென்று கடற்கரையில் நிற்பவனுக்கு விளங்கும்.

உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சை எடுக்கலாம்; தாயைப் பறக்க விட்டுவிட வேண்டும். எகிப்திலிருந்து தப்பி, சொந்தக் காணி இல்லாமல், நாற்பதாண்டு வனாந்தரத்தில் அலைந்த ஒரு சனத்துக்கு மோயீசன் கொடுத்த சட்டம் இது! அகதிகளின் சட்டப் புத்தகத்திலே குருவிக் கூட்டுக்கு இடம் இருந்திருக்கிறது. முதலில் காணி கிடைக்கட்டும், பிறகு கூட்டைப் பார்ப்போம் என்று ஆண்டவர் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஆமை இறைச்சி காய்ச்சியிருக்கிறார்கள். பெருநாட் கறி என்று இரண்டாந்தரமும் கேட்டு வாங்கி உண்டிருக்கிறேன். 1972ஆம் ஆண்டிலிருந்து கடலாமை சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது என்பது எங்களிற் பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் படலையைச் சாத்திவிட்டுக் காய்ச்சினோம். இன்றும் சில குசினிகளில் அந்த வாசம் எழும்புவதை நான் அறிவேன். ஆவுளியா வலையிற் பட்டால் சத்தமில்லாமற் பங்கு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பகலில் கண்டலுக்கு ஒப்பமிட்ட கை, இரவில் ஆமையை அறுக்குமானால், அந்த மனுவை அரசாங்க அதிபர் தள்ளிவிடாவிட்டாலும் ஆண்டவர் எப்படிப் பார்ப்பார்? இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒருவரும் இதுவரை என்னிடம் வந்ததில்லை.

மனு எழுதும் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. இயற்கை அன்னையைக் காப்போம் என்று நாலு பக்கம் எழுதினால் கச்சேரியில் ஒருவரும் வாசிக்கமாட்டார். எந்த இடம், எவ்வளவு நிலம், எத்தனை குடும்பம் அங்கே வலை வீசுகிறது, எந்தத் தேதியில் யார் மண் பறித்தது என்று எழுதுங்கள். கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி பதிவுத் தபாலில் போகட்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்கே அனுமதி கொடுக்கப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. கேளுங்கள். மறுமொழி வராவிட்டால் மறுபடி கேளுங்கள்.

சம்மாட்டியாரின் சொல்லும் வீண்போகவில்லை. பங்கிலுள்ள காணியில்லாக் குடும்பங்களின் விபரத்தை விதானையாரிடம் கேட்டறிந்து, இளைஞர் இரண்டாவது மனுவொன்றும் தயாரித்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு முதற்பூசைக்குப் பின் இரண்டும் விறாந்தை மேசையில் இருக்கும். ஒப்பமிடத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்கலாம், மைப்பெட்டி வாங்கியாயிற்று.

சம்மாட்டியார் இன்னும் ஒப்பமிடவில்லை. நேற்றுப் பின்னேரம் அவர் வலை பொத்திக்கொண்டிருந்த வாடிக்குப் போய், இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "பாப்பம் சுவாமி. ரண்டு கடதாசியையும் ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ" என்றார்.