தலைகுனிய வேண்டியவர் யார்?

பொருள் களவு போனால், பறிகொடுத்தவனைக் கள்வனென்று எவரும் ஏசுவதில்லை. ஆனால், கயவனொருவன் குழந்தையிடம் பாலியல் கொடுமை புரிந்தால், ஊரார் விரல் அந்தக் குழந்தையை நோக்கி நீள்கிறது! "கெட்டுப்போன பெண்" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: கெட்டது யார்? கொடுமை புரிந்தவனா, அதற்கு ஆளான பிஞ்சா?

கற்பென்றும் குலமானமென்றும் கட்டிவைத்த கோட்டை, கொடியவனைத்தான் காக்கிறது. பெரும்பாலும் அவன் முன்பின் அறியாதவனல்லன். உறவினனாக, அண்டை வீட்டானாக, ஆசானாக உலவுபவன். வெளியே சொன்னால் மானம் போகும் என்னும் அச்சமே அவனுக்கு அரண். "தலைவிதி" என்பார் சிலர். பரிகாரம் தேடுவார் சிலர். கொடுமை செய்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துப் பஞ்சாயத்தை முடிப்பாரும் உளர். காயத்துக்கு மருந்தா இது? காயப்படுத்தியவனுக்குப் பரிசு!

வேறு வழி உண்டென்று காட்டியவர்கள் நம்மிடையே வாழ்ந்தார்கள். சின்னஞ்சிறுமியரைக் கடவுளின் பெயரால் பொட்டுக்கட்டிக் காமுகருக்குப் பலியிட்ட காலத்தில், டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையில் வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடையேறி முழங்கினார். 1947-இல் தடைச்சட்டம் பிறந்தது. சட்டம் வருமட்டும் முத்துலட்சுமி அம்மையார் காத்திருக்கவில்லை. தப்பி வந்த சிறுமியருக்கு விடுதிகள் கதவடைத்தபோது, அவ்வை இல்லம் கண்டார். உண்டியும் உறையுளும் தந்தார், கல்வியும் தந்தார். ஊர் கறையைக் கண்ட இடத்தில், அவர் எதிர்காலத்தைக் கண்டார்!

இன்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. குழந்தையின் பெயரை ஏடுகள் வெளியிடலாகாது. வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் வரலாகாது. சாட்சி சொல்லும் குழந்தையின் கண்ணெதிரே குற்றஞ்சாட்டப்பட்டவன் நிற்கலாகாது. நன்று! ஆனால், நீதிமன்றத்திலிருந்து அக்குழந்தை திரும்புவது நம் தெருவுக்கல்லவா? அங்கே சட்டத்தின் கை எட்டாது. நம் கைதான் நீளவேண்டும்.

குழந்தை சொன்னதை நம்புவோம். துருவித் துருவிக் கேட்டுப் புண்ணைக் கிளறாதிருப்போம். அதன் சினமும் உறக்கமின்மையும் ஆறாத காயத்தின் வலி என்றுணர்ந்து, மனநல மருத்துவரை நாடுவோம். படிப்பை நிறுத்தாதிருப்போம், நிறுத்தினால், கொடியவன் இரண்டாம் முறையும் வென்றவனாவான். என்ன படிப்பது, யாரிடம் மனந்திறப்பது என்பதிலெல்லாம் அதன் விருப்பத்தைக் கேட்போம். விருப்பம் மிதிக்கப்பட்ட உள்ளம், விருப்பம் மதிக்கப்படும்போதுதான் நிமிரும். "ஐயோ, பாவம்! வாழ்வே போயிற்றே" என்று புலம்பும் இரக்கமும் ஒருவகைச் சிறையே.

தலைகுனிய வேண்டியவன் கொடுமை புரிந்தவன். அவனை மறைத்துவைத்த சமுதாயமும் உடன் குனியட்டும். குழந்தை நிமிர்ந்து நடக்கட்டும். நாம் துணையாய் நடப்போம்!