குறியும் நெறியும்

நடுநாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்பதொன்று உண்டு. வழக்குடையார் அதன்முன் நின்று சத்தியஞ் செய்தல் பண்டை வழக்கம். உடன்பிறந்தார் இருவருள் ஒருவன், மற்றவன் பொருளைக் கவர்ந்து ஒரு கோலின் உள்ளே மறைத்து, அக்கோலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, “இவன் பொருள் என்னிடத்தில்லை, இவனிடத்தேயுளது” எனச் சூளுரைத்தான் என்றும், மீண்டு செல்லும் வழியில் அரவு தீண்டி மாய்ந்தான் என்றும் அவ்வூர்க் கதை கூறும். அவன் சொல்லிற் பொய்யில்லை, கருத்திற் பொய்யுண்டு. பாறை கேட்டது சொல்லையன்று, கருத்தையே என்பது இக்கதையாற் பெறப்படும். தெய்வத்தின் முன் குறி கேட்பாரும் குறியின் சொல்லளவில் நிற்றல் தகுமோ, அதன் கருத்தினை நாடல் வேண்டுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சீன தேயத்து ‘ஈ சிங்’ என்பது பழையதொரு குறிநூல். முழுக்கோடும் முறிகோடுமாக அவ்வாறு கோடுகளை அடுக்கிய 64 குறிகள் அதன்கண் உள. செடித்தண்டுகளை எண்ணிப் பகுத்து, வந்த குறிக்குரிய வாசகத்தாற் பலன் துணிவர். கி.பி. 226 முதல் 249 வரை வாழ்ந்த வாங் பீ அதற்கு உரை கண்டார். லாவோ சூவின் நூலுக்கும் உரை வகுத்தவர் அவரே. கடமையும் ஒழுக்கமும் கன்பூசியர் நெறியின் உயிர். தன்முனைப்பு அடங்கி இயல்பின்வழி நிற்றல் லாவோ சூ நெறியின் உயிர். இவ்விரண்டனையும் இயைத்து, காலமும் நிலையும் அறிந்து செய்யத்தக்கன செய்க, முனைப்பாற் செய்யற்க என்னும் பொருள்படக் குறிகளை விளக்கினார். பொருள் கைவந்தபின் குறியைப் பற்றி நிற்றல் வேண்டா என்பது அவர் துணிபு. பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சூ சீயோ, அது முதற்கண் குறி பார்த்தற்கே எழுந்த நூலென்பதை மறக்கலாகாது என்றார்.

நம் மரபில் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தல் உண்டு. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபோது, திருத்துறையூரில் அவர்தம் ஆசிரியர் சகலாகம பண்டிதர் அவ்வாறு பார்க்க, சம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகத்துப் பாட்டொன்று வந்தது. முக்குளத்தில் நீராடுவார் மகப்பேறெய்துவர் என்பது அதன் பொருள். களப்பாளர் பாட்டு வந்ததே போதுமென வாளா இருந்திலர்; மனைவியாரொடு வெண்காடு சென்று நீராடி வழிபட்டனர். இப்பிறப்பில் மகப்பேறில்லை என இறைவன் கனவில் உணர்த்த, சம்பந்தர் திருவாக்கை நம்பியே வந்தோம் என்றனர். அந்நம்பிக்கைக்கு இரங்கி அவன் அருளிய மகவே மெய்கண்டார் என்ப.

அங்ஙனமாயின் அருள் வினையை அழித்ததோ எனின், அற்றன்று. வினை சடம், தானே சென்று பயன் கொடாது, கூட்டுவிப்பான் இறைவனே. ஆதலின் குறி அவன் ஆணையைப் பிணிக்கும் தளையன்று. உயிரை அவன்பால் உய்ப்பதோர் அழைப்பே. அழைப்பைக் கேட்டு நடத்தல் உயிரின் கடன். பயன் தருதல் அவன் அருள். செயலொழியாது முனைப்பொழிதல் என்னும் அளவில் வாங் பீயின் உரை இதனோடு ஒக்கும். ஆயின் ஆண்டு இயல்பின்வழி உண்டேயன்றி, அறிந்து இரங்கி அருளும் முதல்வன் இலன். ஆதலின் ஒப்புமை கொள்ளலாம். இரண்டும் ஒன்றெனல் சாலாது.

கயிறு சாத்துவோர் வேண்டிய பாட்டு வாராவிடின் மீண்டும் மீண்டும் சாத்துவாராயின், அது குறி கேட்டலன்று. தம் விருப்பத்தைக் குறியின் வாயாற் சொல்லுவித்தலே. கோலினுள் பொருளை மறைத்தவன் செய்ததும் அதுவே. வந்த பாட்டு யாதாயினும் அது பணிக்கும் வழிபாட்டைச் செய்து, பயனை அவன்பால் விடுதலே அன்பர்க்கு நெறியாம்.

திருச்சிற்றம்பலம்