திண்ணைத் தோழர்கள்

கல்லூரி விடுதியில் புதிதாய்ச் சேர்ந்த நம் பிள்ளை, "இங்கே எனக்கென்று யாருமில்லை" என்கிறான். பெற்றோருக்கும் கலக்கம். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கி மார்க்கம் பயின்ற ஸுஃப்பா தோழர்களும் வீடு வாசலின்றி வந்தவர்களே. அவர்களில் ஒருவரான அபூஹுரைரா (ரலி) ஒருநாள் கடும்பசியோடு இருக்கையில், நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு கோப்பைப் பால் வந்தது. தமக்குக் கிடைக்குமென்று அபூஹுரைரா (ரலி) ஆவலோடிருக்க, திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்துவரப் பணித்தார்கள் நபியவர்கள். பரிமாறும் பொறுப்பும் பசித்தவரிடமே! எல்லோரும் வயிறாரக் குடித்தபின்தான் அவர் குடித்தார், கடைசியில் நபியவர்கள்.

மகனே, யாரேனும் அழைப்பார்களென்று அறையில் காத்திராதே. பக்கத்துப் பள்ளி ஜமாஅத்தில் நில். நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சி ஊற்று. உன்னைவிடத் தனித்திருப்பவன் அடுத்த அறையிலேயே இருக்கலாம்.

கல்லூரிக்கு அருகே குடியிருக்கும் சகோதரர்களே, ஸஹர் நேரத்தில் அந்த விடுதியில் அடுப்பெரிகிறதா என்று என்றேனும் விசாரித்தோமா?