வென்றால்தான் சமமா?

2019 ஜூலை 7 அன்று லியோன் நகரில் பெண்கள் உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. மேகன் ரப்பினோ பெனால்டியில் முதல் கோலை அடித்தார். நெதர்லாந்தை 2-0 என்று வென்று அமெரிக்கா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களிடையே “சம ஊதியம்” என்ற முழக்கம் எழுந்தது. நான்கு மாதங்களுக்கு முன், மகளிர் தினத்தன்று, ரப்பினோ உட்பட 28 வீராங்கனைகள் தங்கள் நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் மீதே வழக்குத் தொடுத்திருந்தார்கள்.

அவர்களை ஆதரித்தவர்களில் பலர் சொன்ன வாதம் இது: ஆண்கள் அணி 2018 உலகக் கோப்பைக்குத் தகுதிகூடப் பெறவில்லை; பெண்களோ நான்கு முறை உலகச் சாம்பியன்கள்; ஆகவே கொடுங்கள். கேட்க இனிக்கும் இந்த வாதத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. சம ஊதியம் வெற்றிக்குக் கிடைக்கும் பரிசு என்றால், தோற்கும் நாளில் அதைத் திருப்பித் தர வேண்டுமா?

2020 மே மாதம் நீதிமன்றம் அவர்களின் ஊதியக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. வழக்குக்குரிய காலத்தில் பெண்கள் அணி மொத்தத்திலும், ஆட்டத்துக்கான சராசரியிலும் ஆண்களைவிடக் கூடுதலாகவே பெற்றிருந்தது என்றார் நீதிபதி. எப்படிக் கூடுதலானது? அவர்கள் அதிக ஆட்டங்கள் ஆடினார்கள், அதிகம் வென்றார்கள். ஒரு நட்பு ஆட்டத்தில் வென்றால் ஆண்களுக்குக் கிடைக்கும் போனஸ் என்னவோ பெரிதாகவே இருந்தது. குறைந்த விலையில் நிறைய உழைத்தவளிடம், “உனக்குத்தான் நிறையக் கிடைத்துவிட்டதே” என்று சொல்வது என்ன நியாயம்?

நிலையான சம்பளமும் காப்பீடும் கொண்ட வேறு வகை ஒப்பந்தத்தைப் பெண்கள் தாங்களே ஏற்றார்கள் என்பது தீர்ப்பின் இன்னொரு வாதம். இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் கிளப்பில் நல்ல சம்பளம் வாங்கும் ஆணுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. தேவை நெருக்கும்போது எடுத்த முடிவை விருப்பத் தேர்வு என்று சொல்லலாமா?

2022 பிப்ரவரியில் வழக்கு 2.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மே மாத ஒப்பந்தத்தில் இரு அணிக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்றானது. உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தின் பெரும்பகுதியைப் பொதுவில் சேர்த்துச் சமமாகப் பிரித்துக்கொள்ளவும் இரு அணிகளும் இசைந்தன.

2023 ஆகஸ்டில் மெல்பர்னில் ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டம் பெனால்டி வரை நீண்டது. ரப்பினோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது; அமெரிக்கா வெளியேறியது. அதுவே அவரது கடைசி உலகக் கோப்பை ஆட்டம். கேலி பேசியவர்கள் நிறைய. ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருந்தது.

முதல் மதிப்பெண் எடுத்தால் மேலே படிக்கவைக்கிறேன் என்று மகளிடம் மட்டும் சொல்லும் வீடுகளை நாம் அறிவோம். மகன் சுமாராகப் படித்தாலும் கல்லூரிக்குப் போவான். தகுதி பெறாத ஆண்கள் அணியிடம் அன்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. தோற்றாலும் குறையாத அந்த உரிமையைத்தான் ரப்பினோவும் அவரது தோழிகளும் கேட்டார்கள்.