"முன்விரோதம்" என்ற சொல் நம்மிடம் கேட்கும் கேள்வி

 



2024 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், நம் திருச்சுழி அருகே ஓட்டுநர் வேலை பார்த்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகளைக் கைது செய்யச் சொல்லி மறுநாள் அருப்புக்கோட்டையில் உறவினர்கள் மறியல் செய்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில், பணியில் இருந்த பெண் டி.எஸ்.பி. தாக்கப்பட்டார். அந்தக் காட்சி நாடு முழுவதும் கைபேசிகளில் சுற்றியது. கொலைக்குக் காரணமாகச் செய்திகளில் வந்தது ஒரே ஒரு சொல்: முன்விரோதம்.

நம் பகுதியில் அடிக்கடி வாசிக்கும் சொல்தான் இது. வாசித்துவிட்டு "ஓ, பழைய பகையா!" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். திருட்டு என்றால் நம் வீட்டுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம். முன்விரோதம் என்றால், அது அவர்களுக்குள் உள்ள விவகாரம் என்று நிம்மதியாகி விடுகிறோம்.

சற்று நின்று யோசியுங்கள். "முன்" என்றால் என்ன? கொலைக்கு முன்பே பகை இருந்தது. பகை இருந்தது என்றால், அது யாருக்காவது தெரிந்தும் இருந்தது. கண்மாய் மீன் ஏலத்தில் தொடங்கியிருக்கலாம். வரப்புத் தகராறாக, வட்டிப் பணமாக, கல்யாண வீட்டில் குடிபோதையில் விழுந்த ஒரு வார்த்தையாக இருக்கலாம். டீக்கடைக்குத் தெரியும், பங்காளிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். "அவன் இவனை விடமாட்டான்" என்று பேசிக்கொண்டே டீ குடித்திருப்பார்கள். போலீஸ் வருவது நடந்த பிறகு. கேமரா காட்டுவதும் நடந்ததைத்தான். நடப்பதற்கு முந்தைய அந்த நாட்கள் முழுவதும் ஊரின் கையில்தான் இருந்தன.

அப்படியானால் கேள்வி இதுதான்: வரப்போவது தெரிந்தும் வாய் திறக்காதவருக்கு அந்த இரத்தத்தில் பங்கு உண்டா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகச் சொன்னார்கள். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்குவது தொந்தரவு என்று, தங்கள் பகுதியிலேயே ஒரு ஓட்டை போட நினைக்கிறார்கள். அது அவர்கள் இடம்தானே என்று மேலே இருப்பவர்கள் விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்பிப்பார்கள். (புகாரீ)

"அது அவர்கள் விவகாரம்" என்று நாம் சொல்வது, அந்த ஓட்டையைப் பார்த்துச் சொல்லும் வார்த்தைதான்.

"ஹஜ்ரத், சொல்வது எளிது. இடையில் போனவனையும் வெட்டுகிறார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனி ஆளாகப் போய் அரிவாளுக்கு முன் நிற்கச் சொல்லி மார்க்கம் கட்டளையிடவில்லை. கையால் முடியாதவருக்கு நாவு, அதுவும் முடியாதவருக்கு உள்ளம் என்று படித்தரம் வைத்திருக்கிறது. ஆனால் ஒருவருக்கு முடியாதது ஜமாஅத்துக்கு முடியும். ஐந்து பெரியவர்கள் சேர்ந்து இரு வீட்டுக்கும் போகலாம். மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் சேர்ந்தே சொல்லலாம். அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று ஒருவரிடம் முன்கூட்டியே பிணை எழுதி வாங்கும் அதிகாரம் நிர்வாக நடுவருக்குச் சட்டத்தில் உண்டு. ஆபத்து கண்முன் என்றால் 100க்கு ஒரு அழைப்பு. இதில் எதையும் செய்யாமல் "உள்ளத்தால் வெறுத்தேன்" என்று மட்டும் சொன்னால், அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்பதையும் அதே ஹதீஸ்தான் சொல்கிறது.

இன்னொரு தவறும் செய்கிறோம். ஒரு சம்பவம் நடந்துவிட்டால், "அந்த ஊர்க்காரனே அப்படித்தான், அந்தச் சாதியே அப்படித்தான்" என்கிறோம். இதையே ஒரு காலத்தில் அரசாங்கம் சட்டமாக வைத்திருந்தது. 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தத் தவறும் செய்யாதவர்களும் பிறப்பின் காரணமாகக் கைரேகை பதிய வேண்டியிருந்தது. அதை எதிர்த்த உசிலம்பட்டி அருகேயுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் சொல்லும் நீதி. "அவன் அண்ணன் செய்ததற்கு இவனை வெட்டுவேன்" என்ற பழிவாங்கலும் இந்த நீதியைத்தான் மீறுகிறது. ஒரு சமூகத்தையே குற்றவாளி என்பதும் இதைத்தான் மீறுகிறது.

அன்பிற்குரியவர்களே! பகை எங்கே முடியும்? ஹிஜ்ரி 10இல் அரஃபாவில், மக்கள் வெள்ளத்தின் முன் நபி (ஸல்) அவர்கள் அறியாமைக் கால இரத்தப் பழிகள் அனைத்தும் ரத்து என்று அறிவித்தார்கள். முதலில் எந்தப் பழியை ரத்து செய்தார்கள்? தம் குடும்பத்துக்கு வரவேண்டிய பழியை! அவர்களின் பெரிய தந்தை ஹாரிஸின் பேரக் குழந்தை, பனூ ஸஅத் குலத்தில் பால் குடிக்க விடப்பட்டிருந்தபோது ஹுதைல் குலத்தாரால் கொல்லப்பட்டிருந்தது. "எங்கள் கணக்கை முடித்துவிட்டு மற்றவர்கள் விடட்டும்" என்று அவர்கள் சொல்லவில்லை. உரிமை உள்ள தரப்பே முதலில் விட்டது.

நியாயத்தை விட்டுவிடச் சொல்வதாக இதை நினைக்காதீர்கள். இன்று கொலை நடந்தால் வழக்கு நடக்க வேண்டும், தண்டனை கிடைக்க வேண்டும். அது நீதிமன்றத்தின் வேலை. நம் கையில் இருக்க வேண்டியது அரிவாள் அல்ல, சாட்சி. பார்த்தவர் சாட்சி சொல்ல மறுத்தால், இறந்தவரின் தம்பி தானே கணக்கை முடிக்க எழுந்துவிடுவான். அடுத்த "முன்விரோதம்" அங்கே பிறக்கிறது.

இன்று அஸருக்குப் பிறகு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத இரு வீடுகள் எவை? உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று உங்கள் வீடாகவும் இருக்கலாம். அப்படியானால் அரஃபாவில் நடந்ததை நினைத்துக்கொண்டு, நீங்களே முதலில் ஸலாம் சொல்லுங்கள்.

நம் நாவாலும் கையாலும் அண்டை வீட்டார் அஞ்சாத மக்களாக நம்மையும், பயமின்றி உறங்கும் ஊராக நம் ஊரையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.