பழகுதலும் பழக்குதலும்

‘நாய்க்குட்டி கூண்டுக்குப் பழகிவிட்டது’ என்று சொல்கிறோம். இந்த வாக்கியத்தில் எழுவாய் நாய்க்குட்டி, வினை தன்வினை. பழக்கியவர் எங்கேயும் இல்லை. ‘பழக்கினேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பழகிவிட்டது’ என்பது பொய் அல்லதான். ஆனால் அதற்குள் ஒரு தீர்மானம் மறைந்திருக்கிறது: நடந்தது நாய்க்குள்ளேயே, அதன் சம்மதத்தோடு நடந்தது என்கிற தீர்மானம். இதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாயைக் கூண்டில் வைத்து வளர்ப்பது நமக்குப் பரிச்சயமான காரியம் அல்ல. கோழிக்குப் பஞ்சாரம், கிளிக்குக் கூண்டு. நாய்க்குச் சங்கிலி, அல்லது ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத நாய் திண்ணைக்குக் கீழே படுத்துக்கொண்டு, தான் எந்த வீட்டைச் சேர்ந்தது என்பதைத் தானே நிர்ணயித்தது. (இதை ஒரு பொற்காலமாக்க நான் தயாரில்லை. அந்த நாய்கள் சொறியிலும் லாரிக்கடியிலும் செத்ததையும் பார்த்திருக்கிறேன்.) வீட்டுக்குள் கம்பிக் கூண்டு என்பது அடுக்குமாடிக் குடியிருப்போடு வந்தது. ‘கிரேட் டிரெய்னிங்’ என்கிற அமெரிக்க முறை. அதன் தர்க்கம் எளிமையானது. குட்டி தான் படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யத் தயங்கும். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடம் இருந்தால் அடக்கிக்கொள்ளக் கற்கும். கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறை ஆக்கிவிடும். எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி, அதுவும் உச்ச வரம்பு.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டரை மாதத் தெருநாய்க் குட்டி. பெட்டை. என் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட்டில் பிறந்தது. சென்னையில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். பார்வோ வைரஸுக்கான ஊசிகள் எல்லாம் போட்டு முடியும்வரை மற்ற நாய்கள் புழங்கும் தரையில் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். சுவரோரம் முழுக்க மின்சார வயர்கள். ஆகவே கூண்டு நல்லதா கெட்டதா என்று விவாதிக்கிற சௌகரியம் எங்களுக்கு வாய்க்கவில்லை. கூண்டு, அல்லது மறுபடியும் சைக்கிள் ஷெட். அறவியல் பிரச்னைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன, பி.ஏ. ஆங்கில வகுப்பில் வந்த மாதிரி வருவதில்லை.

என் மைத்துனர் இரண்டு லாப்ரடார்களை வளர்த்தவர். ‘ரெண்டு நாள் கத்த விடுங்க மாப்ளே, மூணாம் நாள் தானா அடங்கிடும்’ என்றார். இதுவும் தன்வினைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடக்குகிறவர் யாரும் இல்லை, அது அடங்குகிறது. புயல் அடங்குகிறது, ஊர் அடங்குகிறது, மூச்சும் அடங்குகிறது. அவர் சொன்னது நடக்காது என்று நான் வாதாடவில்லை. நிச்சயம் நடக்கும். பதில் வராத குரல் முதலில் உச்சத்துக்குப் போய், பிறகு தேய்ந்து நின்றுவிடும் என்பது நாய் விஷயத்தில் மட்டும் உண்மை அல்ல. மூன்றாம் நாள் மௌனம் வரும். அந்த மௌனம் என்ன பொருள் என்பதுதான் கேள்வி.

பாவ்லோவ் என்றால் மணியும் உமிழ்நீரும் ஞாபகம் வரும். 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய விரிவுரைகளில் இன்னொரு நாய் இருக்கிறது; அதை அவ்வளவாக யாரும் குறிப்பிடுவதில்லை. பரிசோதனைக்காக நாய்களைத் தோல்வாரால் கட்டி ஒரு மேடையில் நிறுத்துவார்கள். மற்ற நாய்கள் நின்றன. இது நிற்கவில்லை. அடிக்கவில்லை, சூடு போடவில்லை, வலி எதுவும் இல்லை. கட்டப்பட்டிருப்பது ஒன்றுதான் அதற்குச் சகிக்கவில்லை. பல முயற்சிகள் தோற்றபிறகு பாவ்லோவ் இதைச் ‘சுதந்திர அனிச்சை’ என்று வகைப்படுத்தினார். வகைப்படுத்தியதோடு அதைப் போக்கவும் வழி கண்டார். நாய்க்குச் சாப்பாடு அந்த மேடையில் மட்டும்தான், வேறெங்கும் இல்லை. முதலில் நாய் கொஞ்சமாகத் தின்றது, இளைத்தது. பிறகு கூடுதலாகத் தின்றது. கடைசியில் முழுச் சாப்பாட்டையும் தின்று அமைதியாக நின்றது.

நாய் மேடைக்குப் பழகிவிட்டது.

பாவ்லோவை நான் கொடுமைக்காரர் என்று சொல்லவரவில்லை. அவருடைய நேர்மை நம்மிடம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். போக்கப்பட்டதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார். என் மைத்துனரின் ‘அடங்கிடும்’ என்ற சொல்லில், எது அடங்கியது என்பதற்குப் பெயரே இல்லை.

இதற்கு நாற்பது வருஷங்கள் கழித்து, 1967இல், பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மனும் மேயரும் செய்தது நிஜமாகவே கொடுமையானது. சில நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பலகையைத் தலையால் அழுத்தினால் அது நிற்கும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லாவற்றையும், சின்னத் தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்கிற ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துக்கிடந்தன. மின்சாரத்தையும் என் வீட்டுக் கம்பிக் கூண்டையும் ஒப்பிடுவது அநியாயம், நான் ஒப்பிடவில்லை. இரண்டு கூட்டமும் பட்ட வலி ஒரே அளவு; வித்தியாசம் தன் செயலுக்குப் பதில் இருந்ததா என்பதில் மட்டும்தான் என்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இவர்கள் இதற்கு ‘கற்றுக்கொண்ட நிராதரவு’ என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. ஐம்பது வருஷம் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆராய்ச்சிகளை வைத்துத் தங்கள் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுக் கிடப்பதை உயிர் கற்றுக்கொள்வதில்லை. அது உயிரின் ஆரம்பநிலை. தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது. எனக்கு இந்தத் திருத்தம் பழைய கொள்கையைவிட முக்கியமாகப் படுகிறது. ‘அழும்போதெல்லாம் போனால் அழக் கற்றுக்கொடுக்கிறீர்கள்’ என்று பழக்குகிறவர்கள் எச்சரிக்கிறார்கள். உண்மை. அழக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று படுகிறது. அழுகை ஓசையாக இருந்து பேச்சாக மாறுவது, யாரோ ஒருவர் எழுந்து வருவதால்தான்.

நாங்கள் செய்தது இதுதான். நான்கு நாள் கூண்டின் கதவைச் சணல் கயிற்றால் பின்பக்கக் கம்பியோடு கட்டி வைத்தோம், தற்செயலாகக்கூடச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று. உள்ளே மனைவியின் பழைய நூல் புடவை. சோற்றுத் தட்டை முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசியில் வைத்தோம். ஐந்தாம் நாள் தின்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்தி, தின்று முடிப்பதற்கு முன்பே திறந்தோம். அரை நிமிஷம், இரண்டு நிமிஷம், பத்து நிமிஷம். இரவில் கூண்டு எங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில். இரண்டு மணிக்கு எழுந்து அழுதால் விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், பால்கனியில் விரித்த பழைய செய்தித்தாளுக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டோம். ஒரு வாரத்துக்குள் அதன் முனகல் வேறு அழுகை வேறு என்பது தெரிந்துவிட்டது. முனகலுக்கு விரலைக் கம்பிக்குள் நீட்டினால் போதும், நக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அழுகைக்கு எழுந்திருக்க வேண்டும். மைத்துனர் சொன்ன முறையில் மூன்று நாளில் முடிவது எங்களுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தில் நோட்டை இரண்டுதரம் எண்ணியதெல்லாம் தனிக்கதை.

‘நாய் குகையில் வாழ்கிற பிராணி, கூண்டு அதற்குக் குகை மாதிரி’ என்று ஒரு சமாதானம் எல்லாக் கையேடுகளிலும் வருகிறது. நாயின் மூதாதையான ஓநாய் குகையைப் பயன்படுத்துவது குட்டி போடவும் அவற்றைக் கொஞ்சகாலம் காப்பாற்றவும்தான். குட்டிகள் சில வாரங்களில் வெளியே வந்துவிடுகின்றன. வளர்ந்த ஓநாய் வெட்டவெளியில் படுக்கிறது. தவிர, எந்தக் குகைக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்ததில்லை. கூடு என்பதற்கும் கூண்டு என்பதற்கும் நடுவே தமிழில் ஒரு மெய்யெழுத்துத்தான் இருக்கிறது. அந்த எழுத்து தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது.

பெந்தாம் 1789இல் வெளியான தன் நூலில், மிருகங்கள் விஷயத்தில் கேட்க வேண்டியது அவை சிந்திக்குமா பேசுமா என்று அல்ல, துன்பப்படுமா என்பதே என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அதற்குப் பின்வந்த சட்டங்களும் இயக்கங்களும் அந்த அடிக்குறிப்புக்கு நிறையக் கடன்பட்டவை. ஆனால் என் பிரச்னைக்கு அது போதவில்லை. பழகிய நாய் துன்பப்படவில்லை. பாவ்லோவின் நாய் முழுச் சாப்பாடு தின்று நிற்கிறது. துன்பத்தை அளக்கிற கோலை அங்கே வைத்தால் பூஜ்யம் காட்டும். நம் நாட்டு 1960ஆம் வருஷத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கூண்டின் உயரம், நீளம், அகலம் அசைவதற்குப் போதாமல் இருப்பது குற்றம் என்கிறது. வழக்கமாக அடைத்து வைக்கிற நாய்க்கு உடற்பயிற்சி தராததும் குற்றம். ஸ்வீடனில் பயணம், போட்டி போன்ற சில விலக்குகள் தவிர, நாயைக் கூண்டில் அடைத்து வைக்கவே அனுமதி இல்லை. இடத்தையும் நேரத்தையும்தான் சட்டத்தால் அளக்க முடியும். பதில் வந்ததா என்று எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்?

இப்போது எங்கள் குட்டி தானாகவே கூண்டுக்குள் போகிறது. இதைச் சம்மதம் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. பிஸ்கட்டுக்காகப் போகிறது, பாவ்லோவின் நாயும் சாப்பாட்டுக்காகத்தான் நின்றது என்று ஒருவர் மறுத்தால், உள்ளே போவதை மட்டும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. இரண்டு நாயும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசத்தைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. உள்ளே இருக்கும்போது ஒன்று பிடிக்காமல் போனால் அது இன்னமும் முழுத்தொண்டையில் கத்துகிறதா? யாரோ வருவார்கள் என்ற எதிர்பார்ப்போடு கத்துகிறதா? பாவ்லோவுக்கு எதிர்ப்பு என்பது நீக்கப்பட வேண்டிய தொந்தரவு. அது நீங்கியபிறகு வருகிற அமைதியில் சம்மதம் என்று ஒன்று இருக்கவே முடியாது, ஏனென்றால் மறுப்பு என்று ஒன்று மிச்சமில்லை. மறுக்கத் தெரிந்த உயிர் மறுக்காமல் இருக்கும்போது மட்டும்தான் அதைச் சம்மதம் என்று, அதுவும் தயக்கத்தோடு, சொல்லலாம்.

கூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அதை மனிதனுக்கு உருவகமாக்கிவிடுவது நம் கவிஞர்களிடம் ஒரு வியாதியாகவே இருக்கிறது. கிளியைக் கிளியாக விட்டுவைப்பதில்லை. நானே வாரத்தில் பாதி நாள் கம்பிவலை போட்ட கேஷ் கவுண்டருக்குள் உட்காருகிறவன் என்பதால் அந்தச் சபலம் எனக்கும் உண்டு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். லீவு லெட்டர் கொடுக்கலாம், சங்கத்தில் போய்க் கத்தலாம். சம்பளம் இங்கே மட்டும்தான் கிடைக்கிறது என்பதால் அமைதியாக நிற்கிறாய் என்று பாவ்லோவ் சொன்னால் அதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அது என் பிரச்னை. குட்டியால் லீவு லெட்டர் எழுத முடியாது. அதன் சார்பில் நான் என்னைப் பற்றி எழுதிக்கொள்வது நியாயமாகாது.

இரவு தீர்ந்தது, பகல் தீரவில்லை. மனைவி ஏழரைக்குப் போகிறாள், நான் எட்டே முக்காலுக்கு. பதினொன்றரைக்கு எதிர்வீட்டு அம்மாள் சாவியோடு வந்து, சாப்பாடு வைத்து, அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அதன்பின் மனைவி திரும்புகிற நாலேகால் வரை நாலேகால் மணி நேரம். வாய்ப்பாடு மூன்றரை என்கிறது. முக்கால் மணி அதிகம் என்பதைவிட, அந்த நேரத்தில் கத்தினால் வருவதற்கு ஆள் இல்லை என்பதுதான் உறுத்தியது. காமிரா வைத்துவிட்டால் அலுவலகத்திலிருந்தே கைபேசியில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம் என்றார்கள். நண்பர் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்தேன். அவர் இங்கிருந்து ‘என்னடா கண்ணா’ என்றார். அங்கே நாய் எழுந்து அந்தப் பெட்டியை மோந்துபார்த்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. குரல் போயிற்று, ஆள் போகவில்லை. எனக்கு அது கத்த விடுவதைவிட மோசமாகப் பட்டது.

பகலில் இப்போது கூடத்தில் ஒரு பகுதியைப் பலகையால் மறித்து, வயர்களையெல்லாம் மேலே ஏற்றிக் கட்டியாயிற்று. கூண்டு அதற்குள் இருக்கிறது, கதவு பழையபடி கயிற்றால் பின்னுக்குக் கட்டப்பட்டு. சில நாள் குட்டி அதற்குள் தூங்குகிறது. சில நாள் புத்தக அலமாரிக்கு அடியில். தினமும் தரையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. கீழ்த்தட்டில் வருஷ வரிசையாக அடுக்கியிருந்த சிறுபத்திரிகைகளில் ஏழெட்டுக்கு முதுகு போய்விட்டது. மைத்துனர் போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, ‘இதுக்கு எதுக்கு மாப்ளே கூண்டு?’ என்றார். இரவு பத்து மணிக்குக் கயிற்றை அவிழ்க்கிறோம்.